ஜெர்மன் இதய வாஃபிள் வீட்டில் சுடுவது எப்படி

ஜெர்மனியில் வுப்பர்டால் நகருக்குக் குடிவந்த முதல் ஆண்டு. மகள் போய்க்கொண்டிருந்த கிண்டர்கார்ட்டனில் கோடை விழா. யார் என்ன கொண்டுவருகிறீர்கள் என்று எழுதச் சொல்லிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். 'வாஃபல்டைக்' என்ற வரிக்கு நேரே இடம் காலியாக இருந்தது. போனில் தட்டிப் பார்த்தேன். வாஃபிள் மாவு என்று வந்தது. இவ்வளவுதானா என்று பெயரை எழுதிவிட்டு, விழா நாள் காலையில் ஒரு கிலோ மைதாப் பொட்டலத்தோடு போய் நின்றேன்.

நமக்குப் பொட்டலத்தில் இருப்பதும் மாவு, பாத்திரத்தில் கரைத்து வைத்திருப்பதும் மாவு. ஜெர்மன்காரர்களுக்கு அது 'மெல்', இது 'டைக்'. இரண்டும் வேறு என்று அன்றுதான் தெரிந்தது. வாஃபிள் சுட உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என் பொட்டலத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, மாவுக்கு மாவு இருக்கிறது, மற்றதைச் சேர்ப்போம்" என்று சொல்லி என்னைச் சமையலறைக்குள் கூட்டிப்போனார். கீழே நான் எழுதுவதில் பாதி அவர் அன்று அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்தது. மீதி, அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது.

முதலில் இது எந்த வாஃபிள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆழமான சதுரக் குழிகளோடு தடியாக, வெளியே மொறுமொறுவென்று கடைகளில் விற்பது பெல்ஜிய வகை. ஜெர்மன் வீடுகளில் சுடுவது அது இல்லை. வட்டமாக, ஒரு சென்டிமீட்டர் கனத்தில், ஐந்து இதயங்கள் நடுவில் கூர்முனையால் ஒட்டிக்கொண்டு பூ மாதிரி இருக்கும். பெயரே இதய வாஃபிள்தான், 'ஹெர்ட்ஸ்வாஃபல்'. ஓரத்தில் லேசான மொறுமொறுப்பு, நடுவில் கேக் போன்ற மெத்து. பெல்ஜிய வாஃபிள் சாப்பிட்டுப் பழகியவர்கள் இதைக் கடித்ததும் "வேகவில்லையோ?" என்பார்கள். வெந்துதான் இருக்கிறது. இது மெத்தென்று இருக்க வேண்டிய பண்டம். அதை மொறுமொறுப்பாக்க மல்லுக்கட்டினால் கடைசியில் ரஸ்க்தான் கிடைக்கும்.

வாஃபிள் என்ற சொல்லுக்கும் தேனடையைக் குறிக்கும் 'வாபெ' என்ற ஜெர்மன் சொல்லுக்கும் வேர் ஒன்று. அச்சில் இருக்கும் கட்டம் கட்டமான குழிகளைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

ஜெர்மனி முழுக்கவே இது உண்டு என்றாலும், வுப்பர்டால், சோலிங்கன், ரெம்ஷைட் ஊர்கள் இருக்கும் பெர்கிஷஸ் லாண்ட் பகுதிக்காரர்கள் இதைத் தங்கள் சொத்தாகவே பேசுவார்கள். சோலிங்கன் என்றால் கத்திக்குப் பெயர்போன அதே ஊர்தான். இங்கே விருந்தினர் வந்தால் போடும் காப்பிப் பந்திக்கு 'பெர்கிஷெ காஃபெடாஃபல்' என்று பெயர். மூன்று காலில் நிற்கும் தொப்பை வயிற்று வெள்ளீயக் கூஜாவில் காப்பி இருக்கும். அதன் அடியில் சின்னக் குழாய். காப்பித்தூள் அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக வடியும் என்பதால் கூஜாவின் பெயர் 'ட்ரொப்பெல்மின்னா', அதாவது சொட்டுகிற மின்னா; மின்னா என்பது ஒரு பெண் பெயர். உலர்திராட்சை ரொட்டி, கருப்பு ரொட்டி, வெண்ணெய், தேன், ஆப்பிள் பாகு, பாலில் குழைய வேகவைத்த அரிசி, அதன்மேல் பட்டைத்தூள் கலந்த சர்க்கரை, எல்லாவற்றோடும் சூடான வாஃபிள். ரொட்டியில் வெண்ணெய் தடவி, பாகு தடவி, அதன்மேல் அந்தப் பால்சோற்றை வைத்துச் சாப்பிடுவதை முதல்முறை பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் பேச்சிழந்துதான் இருந்தேன். சோற்றை ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் ஊர்!

சரி, வேலைக்கு வருவோம்.

மேக்கர்

ஐந்து இதய அச்சுள்ள மின்சார வாஃபிள் மேக்கர் வேண்டும். ஜெர்மனியில் மின்சாதனம் விற்கும் எந்தக் கடையிலும் இருக்கும். பழைய சாமான் சந்தைகளிலும் கிடைக்கும். பழையதாக இருந்தால் தயங்க வேண்டாம், கனமான பழைய மேக்கர்கள் சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் ஒட்டாத பூச்சு உரிந்திருந்தாலோ வயரின் உறை வெடித்திருந்தாலோ எடுக்காதீர்கள். வாங்கும்போது இரண்டைப் பாருங்கள்: சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதா, சூடானதைக் காட்டும் விளக்கு இருக்கிறதா. மற்ற அலங்காரமெல்லாம் விளம்பரத்துக்கு.

ஊருக்கு வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்னழுத்தம் பிரச்சினை இல்லை, இரண்டு பக்கமும் 230 வோல்ட்தான். சிக்கல் ப்ளக்கில். ஜெர்மன் ப்ளக்குக்கு எர்த் தகடு பக்கவாட்டில் இருக்கிறது. நம் ஊர் சாக்கெட்டில் அதை அழுத்திச் செருகினாலும், மலிவான அடாப்டர் போட்டாலும் எர்த் இணைப்பு கிடைக்காமல் போகலாம். உலோக அச்சைச் சூடாக்கும் சாதனத்துக்கு எர்த் கட்டாயம் வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மூன்று முள் ப்ளக் மாற்றிக்கொள்ளுங்கள்.

பொருள்கள்

எட்டு அல்லது ஒன்பது முழு வட்டங்களுக்கு: வெண்ணெய் 125 கிராம், சர்க்கரை 100 கிராம், வனிலாச் சர்க்கரை ஒரு பொட்டலம், முட்டை 3, மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, பால் 200 முதல் 250 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை. விருப்பப்பட்டால் ஒரு எலுமிச்சையின் மேல்தோலைத் துருவிச் சேர்க்கலாம்.

125 என்று ஏன் ஒரு ஒற்றைப்படைக் கணக்கு? ஜெர்மனியில் வெண்ணெய்க் கட்டி 250 கிராம். அதில் பாதி. பல உறைகளில் 50 கிராமுக்கு ஒரு கோடு அச்சடித்திருப்பார்கள், ஆனால் பாதி வெட்ட அதுகூடத் தேவையில்லை. உப்பில்லாத வெண்ணெயாக இருக்கட்டும். பள்ளி விழாக்களில் செலவைக் குறைக்க மார்கரின் போடுவார்கள். வாஃபிள் வரும், வாசனை வராது. இந்தப் பண்டத்தில் ருசி என்று ஒன்று இருப்பதே வெண்ணெயால்தான் என்பது என் கட்சி.

மைதாவுக்கு இங்கே 'டைப் 405' பொட்டலத்தை எடுங்கள். அந்த எண் என்ன என்று பலருக்குத் தெரியாது: நூறு கிராம் மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பல், அதாவது தாதுச்சத்து, சுமார் 405 மில்லிகிராம். எண் கூடக் கூடத் தவிடு கூடும், நிறம் கறுக்கும். 550இலும் வாஃபிள் நன்றாகவே வரும். 1050 எடுத்தால் கனத்துப்போகும்.

பேக்கிங் பவுடர் பொட்டலத்தின் மேல் '500 கிராம் மாவுக்கு' என்று போட்டிருக்கும். பேக்கிங் பவுடரை இந்த அளவுக்குப் பிரித்துப் பொட்டலம் கட்டி வீடு வீடாகக் கொண்டுசேர்த்தவர் 1891இல் பீலஃபெல்ட் நகரில் ஒரு மருந்துக்கடையை வாங்கிய ஆகஸ்ட் ஒட்கர். நிறுத்துக் கொடுப்பது மருந்துக்கடைக்காரருக்குக் கைவந்த கலை அல்லவா! அந்தக் கணக்குப்படி 250 கிராமுக்கு அரைப் பொட்டலம் வரும். நான் அதற்கும் குறைவாக ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்வேன். வெண்ணெயை ஒழுங்காக அடித்திருந்தால் மாவுக்குள் ஏற்கனவே காற்று இருக்கும். பவுடர் கூடினால் நாக்கில் சோப்பு மாதிரி ஒரு ருசி தங்கும்.

வனிலாச் சர்க்கரையிலும் இரண்டு உண்டு. 'வனில்லெசுக்கர்' என்று இருந்தால் உண்மையான வனிலா; 'வனில்லின்சுக்கர்' என்று நடுவில் ஒரு 'ன்' வந்தால் செயற்கை மணம். செயற்கை வனிலினை முதலில் உருவாக்கியதும் ஜெர்மானியர்தான்: 1874இல் வில்ஹெல்ம் ஹார்மன், ஃபெர்டினாண்ட் டீமன் இருவரும், ஊசியிலை மரச் சாற்றிலிருந்து கிடைக்கும் ஒரு பொருளை வைத்து. வாஃபிளுக்கு எதைப் போட்டாலும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. ஊரில் இருப்பவர்கள் ஒரு தேக்கரண்டி எசென்ஸோடு சர்க்கரையை ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளலாம்.

முட்டை இங்கே எம் அளவு, அதாவது 53 முதல் 63 கிராம். உங்கள் ஊர் முட்டை சிறியதாக இருந்தால் நான்காகப் போடுங்கள். சமையலறைத் தராசு இல்லாதவர்கள் 240 மில்லி கப்பில் மைதா இரண்டு கப், சர்க்கரை அரைக் கப் என்று அளக்கலாம். ஆனால் தராசு வாங்கிவிடுங்கள். பேக்கிங் என்று இறங்கிவிட்டால் கண்ணளவு கைகொடுக்காது.

மாவு கரைப்பது

நம் மாவுக்கு நேரம் போவது ஊறவைப்பதில், அரைப்பதில், புளிக்கவைப்பதில். இந்த மாவுக்கு வேலையெல்லாம் வெண்ணெயில்தான். ஜெர்மானியர் இந்த வகைக்கு வைத்திருக்கும் பெயர் 'ரூர்டைக்', கிண்டிய மாவு. கிண்டுவது என்றால் சும்மா கலக்குவது இல்லை.

வெண்ணெயையும் முட்டையையும் பாலையும் ஒரு மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். வெண்ணெயில் விரலை அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகக்கூடாது. சென்னை வெயிலில் இதற்குப் பத்து நிமிடமே அதிகம். ஜெர்மன் குளிர்காலத்தில் இரண்டு மணி நேரம் வைத்தாலும் சில நாள் கல்லாகவே இருக்கும். அப்போது சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கிப் பரப்பிவையுங்கள். மைக்ரோவேவில் வைக்காதீர்கள். உருகிய வெண்ணெய்க்குள் காற்று நிற்காது. உருக்கி ஊற்றுகிற செய்முறைகளும் இருக்கின்றன, அவசரத்துக்கு நானும் செய்ததுண்டு. அது அப்பமாக வருகிறது, வாஃபிளாக வருவதில்லை.

வெண்ணெய், சர்க்கரை, வனிலாச் சர்க்கரை, உப்பு நான்கையும் அகலமான பாத்திரத்தில் போட்டு, கையில் பிடிக்கும் பீட்டரால் நான்கைந்து நிமிடம் அடியுங்கள். முதல் நிமிடத்தில் ஈரமணல் மாதிரி இருக்கும். இரண்டாவது நிமிடத்தில் ஒன்றுசேரும். இங்கேதான் எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள், நானும் நிறுத்தினேன். இன்னும் அடிக்க வேண்டும். மஞ்சள் நிறம் மெல்ல வெளுத்து, தந்த நிறத்துக்கு வந்து, பீட்டரைத் தூக்கினால் பஞ்சு மாதிரி நிற்க வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தை அவ்வப்போது வழித்து உள்ளே தள்ளுங்கள். சர்க்கரையின் கூர்மையான ஓரங்கள் வெண்ணெய்க்குள் லட்சம் சின்னத் துளைகளைப் போடுகின்றன. அந்தத் துளைகளில் தங்கும் காற்றுதான் பிறகு மேக்கரில் சூடேறி விரிகிறது. பீட்டர் இல்லாமல் மரக்கரண்டியால் அடிப்பவர்களுக்குக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள் என்று பாட்டி தன் வலது புஜத்தைத் தட்டிக் காட்டினார்.

அடுத்து முட்டை. ஒவ்வொன்றாக. ஒன்றை உடைத்து ஊற்றி அரை நிமிடம் அடித்து, அது மறைந்த பிறகு அடுத்தது. மூன்றாவது முட்டையில் கலவை சில சமயம் திரிந்த பால் மாதிரி திரள் திரளாகப் பிரியும். முட்டை குளிர்ச்சியாக இருந்தால் கட்டாயம் பிரியும். பயப்பட வேண்டாம்; அளந்து வைத்த மைதாவில் ஒரு கரண்டி போட்டு அடித்தால் சேர்ந்துகொள்ளும்.

மைதாவையும் பேக்கிங் பவுடரையும் சேர்த்துச் சலியுங்கள். மூன்றில் ஒரு பங்கு மாவு, கொஞ்சம் பால், மறுபடி மாவு, மறுபடி பால் என்று மாற்றி மாற்றிச் சேர்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் கையை அடக்குங்கள். இதுவரை எவ்வளவு அடித்தாலும் நல்லது. மைதா விழுந்த பிறகு அடித்தால் கெடுதல். தண்ணீர் பட்ட மைதாவைப் பிசையப் பிசைய இழுவை வரும். பரோட்டாவுக்கு அது வேண்டும், வாஃபிளுக்கு வேண்டாம். மாவுத்தூள் கண்ணுக்குத் தெரியாத அளவு கலந்ததும் நிறுத்திவிடுங்கள். சின்னச் சின்னக் கட்டி இருந்தால் இருக்கட்டும்.

பாலை முழுதாக ஊற்றிவிடாதீர்கள். 200 மில்லியோடு நிறுத்திப் பதம் பாருங்கள். ஜெர்மன் சமையல் குறிப்புகளில் 'கரண்டியிலிருந்து கனமாக அறுந்து விழ வேண்டும்' என்று ஒரு பதம் எழுதுவார்கள். கேக் மாவுக்கு அந்தப் பதம். வாஃபிளுக்கு அதைவிட இளக்கமாக வேண்டும். நமக்குச் சொன்னால் எளிது: இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளர்வு, தோசை மாவைவிடக் கெட்டி. கரண்டியைச் சாய்த்தால் நாடாவாக இறங்கி, பாத்திரத்தில் விழுந்த தடம் இரண்டு மூன்று நொடி நின்று மறைய வேண்டும். கெட்டியாக இருந்தால் மீதிப் பாலை ஊற்றுங்கள். கடைசி 50 மில்லிப் பாலுக்குப் பதில் சோடா, அதாவது கேஸ் போட்ட மினரல் வாட்டர் ஊற்றுகிற வழக்கமும் இருக்கிறது. கொஞ்சம் லேசாகத்தான் வருகிறது, ஊற்றிய உடனே சுட வேண்டும்.

சோடா ஊற்றவில்லையென்றால் மாவை மூடி கால் மணி நேரம் அப்படியே வையுங்கள். மைதா பாலைக் குடித்துச் சற்று இறுகும். இந்தக் கால் மணி நேரத்தில் மேலே ஊற்றும் செர்ரியைக் காய்ச்சிவிடலாம்.

சூடான செர்ரி

வாஃபிளுக்கு இங்கே ஜோடி 'ஹைசெ கிர்ஷன்', சூடான செர்ரிக் குழம்பு. புளிப்புச் செர்ரி 'ஷாட்டன்மொரெல்லன்' என்ற பெயரில் கண்ணாடி ஜாடியில் கிடைக்கும். வடித்தால் பழம் 350 கிராம் இருக்கும். சாற்றைத் தனியாக வடித்துக் கால் லிட்டர் எடுங்கள். அதில் நான்கு மேசைக்கரண்டிச் சாற்றை ஒரு கிண்ணத்தில் ஊற்றி இரண்டு மேசைக்கரண்டி சோளமாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். மீதிச் சாற்றில் சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, பட்டை ஒரு துண்டு போட்டுக் கொதிக்கவிட்டு, கரைத்த சோளமாவைக் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் கலங்கல் போய்ப் பளபளப்பு வரும். அடுப்பை அணைத்துவிட்டுப் பழத்தைப் போட்டு, ஒரே ஒரு முறை மெதுவாகப் புரட்டுங்கள். கிளறினால் பழம் சிதைந்துவிடும்.

ஊரில் புளிப்புச் செர்ரிக்கு எங்கே போவது? கேக்கின் மேல் வைக்கும் சிவப்புச் செர்ரியைத் தயவுசெய்து இதில் போடாதீர்கள். அதில் பெரும்பாலானது சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயம் ஏறிய களாக்காய். புளிப்பு எல்லாம் போய் இனிப்பு மட்டும் மிச்சம் இருக்கும். அதற்குப் பதில் ஆப்பிள் கூழ் செய்யுங்கள், இதுவும் அசல் ஜெர்மன் வழக்கம்தான். அரைக் கிலோ ஆப்பிளைத் தோல் சீவித் துண்டுபோட்டு, நான்கு கரண்டித் தண்ணீர், ஒரு மூடி எலுமிச்சைச் சாறு, பட்டைத் துண்டு சேர்த்து மூடிவைத்து வேகவிட்டு மசித்தால் போதும். புளிப்பு இருக்கும் ஆப்பிளாகப் பாருங்கள்.

கூடவே அடித்த கிரீம், 'ஸானெ'. ஜெர்மனியில் அடிக்கும் கிரீமில் குறைந்தது 30 சதவீதம் கொழுப்பு இருக்கும். ஃபிரிட்ஜ் குளிரோடு அடித்தால் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். நம் ஊரில் பால்பொருள் அலமாரியில் இருக்கும் 25 சதவீதக் கிரீமை எவ்வளவு அடித்தாலும் நிற்காது. கேக் கடைகளுக்குப் பொருள் விற்கிற இடத்தில் விப்பிங் கிரீம் என்று கேட்டு வாங்குங்கள்.

எதுவும் இல்லையா? டீ வடிகட்டியில் பொடித்த சர்க்கரையைப் போட்டு வாஃபிளின் மேல் தட்டிவிடுங்கள். கிண்டர்கார்ட்டன் விழாவில் பிள்ளைகள் கேட்பது அதைத்தான்.

சுடுவது

மேக்கரை மூடிய நிலையில் சூடாக்குங்கள். விளக்கு காட்டிய பிறகும் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். விளக்கு அச்சின் ஒரு இடத்துச் சூட்டைத்தான் சொல்கிறது, ஓரம் வரை பரவ நேரம் வேண்டும். திருகை நடுவுக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். முதல் வாஃபிளுக்கு மட்டும் பிரஷ்ஷால் மேல் கீழ் இரண்டு அச்சிலும் மெல்லிசாக எண்ணெய் தடவுங்கள். அடுத்தடுத்ததற்குப் பெரும்பாலும் தேவைப்படாது, மாவிலேயே அவ்வளவு வெண்ணெய் இருக்கிறது. பீய்ச்சி அடிக்கும் ஸ்பிரே எண்ணெய் வேண்டாம், அது பூச்சின் மேல் பசையாகப் படிந்து பிறகு போகவே போகாது.

ஒரு சின்னக் குழிக்கரண்டி மாவு, இரண்டு நிறைந்த மேசைக்கரண்டி அளவு, இதயங்களின் கூர்முனைகள் சந்திக்கும் அந்த நடுப்புள்ளியில் ஊற்றுங்கள். தோசை வார்த்த கை தானாகவே வட்டம் போடப் போகும். அதை அடக்க வேண்டும். மாவைத் தேய்க்கக்கூடாது. மூடியை இறக்கினால் அதுவே ஐந்து இதயங்களுக்கும் தள்ளிவிடும். விளிம்பு வரை நிரம்பாவிட்டாலும் பரவாயில்லை. ஒழுங்கில்லாத ஓரம்தான் மொறுமொறுவென்று இருக்கும். நிறைய ஊற்றிவிட்டால் பக்கவாட்டில் வழிந்து மேசையில் இறங்கும், கீல் இடுக்கில் புகுந்து கருகும்.

மூடிய பிறகு திறந்து பார்க்காதீர்கள். முதல் ஒன்றரை நிமிடத்தில் திறந்தால் வாஃபிள் மேல்பாதி மூடியோடும் கீழ்ப்பாதி அடியோடும் போய் இரண்டாகப் பிளந்து நிற்கும். பிறகு அதைக் கத்தியால் சுரண்டுவீர்கள். நான் சுரண்டியதால் என் முதல் மேக்கரின் மூன்றாவது இதயத்தில் ஒரு கீறல் விழுந்து, அதற்கப்புறம் அந்த இதயம் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒட்டியது. கண்ணால் பார்க்க வேண்டியது பக்கவாட்டில் வரும் ஆவியை. தொடக்கத்தில் இட்லிப் பானை மாதிரி குபுகுபுவென்று வரும். இரண்டு நிமிடம் போல ஆனதும் அது இளைத்து, மெல்லிய இழையாகும். அப்போது மூடியை மெதுவாக அரை அங்குலம் தூக்கிப் பாருங்கள். தானாகப் பிரிந்தால் ஆயிற்று; இழுத்துப் பிடித்தால் இன்னும் அரை நிமிடம். மொத்தம் இரண்டரை முதல் மூன்றரை நிமிடம். நிறம் பொன்னாக இருக்க வேண்டும்.

எடுப்பதற்கு மரக்குச்சியோ மரமுள் கரண்டியோ. ஓரத்தில் லேசாக நெம்பினால் முழுசாக வந்துவிடும்.

முதல் வாஃபிள் சரியாக வராது. முதல் தோசைக்கு நாம் எப்படி வருத்தப்படுவதில்லையோ அப்படியே இதற்கும். அச்சு எண்ணெயையும் சூட்டையும் பழகிக்கொள்ள ஒன்று போகும், அது சமைப்பவருக்கு. இரண்டாவதைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். வெளுப்பாக, தொய்வாக இருந்தால் சூடு போதவில்லை. வெளியே கறுத்து உள்ளே மாவாக இருந்தால் சூடு அதிகம். சூடு சரியாக இருந்தும் கறுத்தால் சர்க்கரை கூடிவிட்டது என்று அர்த்தம். ஒட்டினால் அநேகமாக அச்சு காய்வதற்கு முன் ஊற்றியிருப்பீர்கள்.

சுட்டதைத் தோசை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடாதீர்கள். ஆவி உள்ளே அடைபட்டு ஐந்து நிமிடத்தில் ஈரத்துணி ஆகிவிடும். கம்பித்தட்டில் தனித்தனியாகப் பரப்புங்கள். அதைவிட நல்லது இங்குள்ள வீட்டு வழக்கம்: மேக்கரைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்து, ஒவ்வொன்றாகச் சுட்டுச் சுடச்சுடத் தட்டில் போடுவது. ஒரு வட்டம் வெந்ததும் இதயம் இதயமாகப் பிய்த்து ஆளுக்கு ஒன்றாகப் போய்விடும், அடுத்தது வெந்துகொண்டிருக்கும். ஞாயிறு மூன்றரை, நான்கு மணிக்கு உட்கார்ந்தால் பேச்சு அந்த மூன்று நிமிடத் தாளத்திலேயே நடக்கும். சுடுபவர் கடைசியாகச் சாப்பிடுவது மட்டும் எந்த ஊரிலும் மாறவில்லை.

மிஞ்சினால் ஃபிரீசரில் வைக்கலாம். நன்றாக ஆறிய பிறகு இடையில் பேக்கிங் தாள் வைத்துப் பையில் போடுங்கள். வேண்டும்போது உறைந்தபடியே டோஸ்டரில் போட்டால் ஓரம் மொறுமொறுப்பாகவே வரும், மைக்ரோவேவ் ரப்பராக்கிவிடும். சுடாத மாவு மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். பச்சை முட்டை இருக்கிறது, புளிக்கவைக்கும் மாவு இல்லை இது.

முட்டை சாப்பிடாதவர்கள் கேட்பார்கள். ஒரு முட்டைக்கு 60 கிராம் ஆப்பிள் கூழ் என்று மாற்றிச் செய்து பார்த்தேன். வருகிறது. மெத்தென்று, கொஞ்சம் பிசுக்கென்று இருக்கும், அச்சுக்கு ஒவ்வொரு முறையும் எண்ணெய் தடவ வேண்டும், வேகவும் ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும். அதே ருசி என்று சொல்ல மாட்டேன்.

இதே அச்சில் இல்லாமல் தட்டையான, மெல்லிய அச்சில் சுடும் உறவுக்காரப் பண்டம் ஒன்று வடக்கே ஓஸ்ட்ஃப்ரீஸ்லாண்டில் உண்டு. புத்தாண்டுக்குச் சுடுவதால் 'நொயாஸ்குகன்', புத்தாண்டு அப்பம். எடுத்த உடனே சூட்டோடு சூடாகக் கூம்பாகச் சுருட்டிவிடுவார்கள், ஆறினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஏலக்காய் போடுகிற வீடுகளும் இருக்கின்றன. நமக்கு உடனே பிடித்துப்போகும். அதற்கு வேறு மேக்கர், வேறு மாவு. இதய வாஃபிள் கை பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

சுத்தம் செய்வதற்கு: ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மேக்கர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஈரமான சமையல் தாளை அச்சுகளுக்கு நடுவில் வைத்து மூடிவிடுங்கள். பத்து நிமிடத்தில் ஒட்டியதெல்லாம் ஊறிவிடும், துடைத்தால் போதும். தண்ணீருக்கடியில் ஒருபோதும் காட்டக்கூடாது, கம்பிநாரால் தேய்க்கக்கூடாது.

கடைசியாக, கதவில் ஒட்டிய தாளில் நீங்களும் 'வாஃபல்டைக்' வரியில் பெயர் எழுதியிருந்தால்: பெரும்பாலும் அரைக் கிலோ மைதாவுக்கான மாவைத்தான் எதிர்பார்ப்பார்கள், மேலே சொன்ன அளவுகளை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள். காலையில் கரைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் முக்கால் பங்கு மட்டும் ஊற்றிக் குளிர்ச்சியாகக் கொண்டுபோங்கள். கெட்டிப்பட்டால் அங்கேயே கலக்க ஒரு பாட்டில் பாலும் கையில் இருக்கட்டும். கோதுமை, முட்டை, பால் என்று ஒரு சீட்டில் எழுதி டப்பாவில் ஒட்டுங்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கேட்பார்கள். அப்படியே மூடியில் உங்கள் பெயரையும் எழுதிவிடுங்கள். என் நீல டப்பா இரண்டு விழாக்களுக்கு முன் போனது, இன்னும் வீடு திரும்பவில்லை.